தொலைமருந்தக மேற்பார்வைக் காப்புரிமை வழக்கு: போடி மலைச்சரிவிலிருந்து ஒரு மதிப்பீடு

தொலைமருந்தகம் என்பது மருந்தாளுநர் ஓரிடத்திலும், மருந்தைத் தயாரிப்பவரோ எடுத்துக் கொடுப்பவரோ வேறோரிடத்திலும் இருக்க, காணொலி, நிழற்படம், கணினி வலையமைப்பு ஆகியவற்றின் துணையோடு அம்மருந்தாளுநர் அந்த வேலையை மேற்பார்வையிடும் ஏற்பாடு ஆகும். மருத்துவர் நோயாளியைத் திரையில் பார்ப்பது தொலைமருத்துவம். மருந்தாளுநர் மருந்தையும் அதைக் கையாள்பவரையும் திரையில் பார்ப்பது தொலைமருந்தகம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இந்த ஏற்பாட்டின்மீது அமெரிக்காவில் நடந்த ஒரு காப்புரிமை வழக்கை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மதிப்பிடுவதற்கான அளவுகோலாகத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவையும் எடுத்துக்கொள்கிறது. போடியிலிருந்து விடியலில் புறப்படும் தோட்ட ஜீப்புகள் முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றன. மெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காடுகள் நீள்கின்றன. காலையில் ஒரு மாநிலத்திலிருந்து கிளம்பி இன்னொரு மாநிலத்தில் காய் பறித்துவிட்டு மாலையில் திரும்புவது இங்குள்ள பல குடும்பங்களின் அன்றாடம். மலைமேல் உள்ள சிறு குடியிருப்புகளுக்கு மருந்துக்கடை என்பது பெரும்பாலும் கீழே இறங்கிப் போக வேண்டிய இடம். தொலைமருந்தகம் எதற்காக என்று கேட்பவருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

தொழில்நுட்பத்தை அயல்நாட்டு நிறுவனங்கள் காப்புரிமையால் பூட்டிவிடும் என்ற அச்சம் நம் ஊர் விவாதங்களில் அடிக்கடி எழுகிறது. மருந்துகளைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் தொலைமருந்தகத்தைப் பொறுத்தவரை பூட்டு வேறு கதவில் தொங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கு

பாக்ஸ்டர் நிறுவனத்திடம் இருந்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 8,554,579. அது 2013இல் வழங்கப்பட்டது. மருத்துவமனை மருந்தகத்தில் குறிப்பிட்ட நோயாளிக்கென்று ஒரு மருந்தளவைத் தயாரிக்கும் பணியாளர், தயாரிப்பின் கட்டங்களைப் படமெடுத்து அனுப்புவார். வேறிடத்தில் இருக்கும் மருந்தாளுநர் அவற்றைப் பார்த்துச் சரி என்றோ தவறு என்றோ சொல்வார். அவர் சரி என்று சொன்ன பிறகே பணியாளர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். பணியாளரின் திரையில் கட்டங்கள் வரிசையாக வரும். கூடுதல் விவரம் உள்ள இடம் எடுப்பாகக் காட்டப்படும். இந்த முறைக்கும் இதைச் செய்யும் அமைப்புக்கும் சேர்த்தே உரிமை கோரப்பட்டிருந்தது.

போட்டி நிறுவனமான பெக்டன் டிக்கின்சன் இதை எதிர்த்து அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகியது. இவை யாவும் முன்பே வெளியான ஆவணங்களில் உள்ளவைதாம், அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் துறை அறிந்த எவருக்கும் இது எளிதில் தோன்றியிருக்கும் என்பது அதன் வாதம். வாரியம் 2020இல் பாக்ஸ்டர் பக்கம் நின்றது. பெக்டன் மேல்முறையீடு செய்தது. ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 மே 28 அன்று வாரியத்தின் முடிவை மாற்றி, வழக்கிடப்பட்ட உரிமைக்கோரல்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வழக்கில் மூன்று கேள்விகள் இருந்தன. திரையில் எடுப்பாகக் காட்டுவது புதிதா என்ற கேள்வியில் அதிகம் இல்லை. முந்தைய ஆவணங்களில் அதுபோன்ற காட்டல் இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுவருவதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கருதியது. எவரும் ஒப்புக்கொள்ளக்கூடியதே.

இன்னொரு கேள்வி சட்ட மாணவர்களுக்குச் சுவையானது. பெக்டன் முன்வைத்த முக்கியமான ஆவணம் அலெக்சாண்டர் என்று வழக்கில் குறிப்பிடப்பட்ட ஒரு பழைய காப்புரிமை. அந்தக் காப்புரிமையின் உரிமைக்கோரல்கள் அனைத்தும் வேறொரு நடவடிக்கையில் ஏற்கெனவே ரத்தாகிவிட்டிருந்தன. ரத்தான காப்புரிமையை எப்படிச் சான்றாகக் காட்டலாம் என்று பாக்ஸ்டர் கேட்டது. ஒரு காலத்தில் அது வழங்கப்பட்டதே போதும், பின்னர் ரத்தானது அதை மாற்றாது என்றது நீதிமன்றம். உயிர்போன காப்புரிமையும் சாட்சி சொல்லலாம் என்று இதைச் சுருக்கிக்கொள்ளலாம். உரிமை போனாலும் எழுதிவைத்த அறிவு உலகத்தில் இருந்துகொண்டுதானே இருக்கிறது.

‘லாம்’ என்ற இரண்டெழுத்து

முதன்மையான கேள்வி மூன்றாவது. அலெக்சாண்டர் ஆவணத்தில், தொலைவில் உள்ள மருந்தாளுநர் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்க்கலாம் என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. பாக்ஸ்டரின் காப்புரிமையிலோ சரிபார்த்தாக வேண்டும். சரிபார்க்காமல் அடுத்த கட்டம் திறக்காது. ‘லாம்’ வேறு, ‘வேண்டும்’ வேறு என்று வாரியம் சொல்லியது. அந்தச் சிறு வேறுபாட்டின் மேலேயே காப்புரிமை நின்றது.

நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. இங்கே ‘சரிபார்க்கலாம்’ என்பது எப்போதாவது சரிபார்ப்பதைக் குறிக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒழுங்காகச் சரிபார்க்கும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதையே குறிக்கும் என்று அது படித்தது. அப்படித் தேர்ந்துகொண்ட இடத்தில், ஒப்புதல் வருமுன்பே பணியாளர் அடுத்த கட்டத்துக்குத் தாவுவார் என்று துறை அறிந்தவர் எவரும் எண்ணமாட்டார்.

காப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் இத்தீர்ப்பு சரியானதே. காப்புரிமை கேட்கும் கேள்வி, ஒருவருக்குத் தனியுரிமை கொடுக்கும் அளவுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது மட்டுமே. தொலைவில் உள்ளவர் பார்த்து ஒப்புதல் தருவது 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் 2001இல் விதிகளை வகுத்து, மருந்தாளுநர் இல்லாத சிற்றூர்க் கடைகளில் பயிற்சி பெற்ற மருந்தக உதவியாளர் மருந்து எடுத்துவைக்க, தொலைவில் உள்ள மருந்தாளுநர் காணொலி வழியே சரிபார்த்து நோயாளியுடனும் பேசும் முறைக்கு இடம் கொடுத்தது. அது ஒரு பொது அமைப்பின் விதி. யாருடைய தனிச்சொத்தும் அன்று. இன்னும் பின்னோக்கிப் போனால், ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவை 1942 முதலே தொலைதூரப் பண்ணைகளில் எண்ணிட்ட மருந்துகள் கொண்ட பெட்டிகளை வைத்தது. வானொலியில் மருத்துவர் இந்த எண்ணுள்ள மருந்தை எடு என்பார். பண்ணையில் உள்ளவர் எடுப்பார். அங்கே மருந்தாளுநரே இல்லை, எண்தான் மருந்தாளுநர். தொலைவிலிருந்து மருந்துக்கு வழிகாட்டுவது என்ற கருத்துக்கு அவ்வளவு வயதாகிவிட்டது.

ஆயினும் இத்தீர்ப்பைப் பாடமாகப் படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிட வாய்ப்பு உண்டு. ‘லாம்’ என்பதும் ‘வேண்டும்’ என்பதும் தனியுரிமை கொடுப்பதற்குப் போதிய வேறுபாடு அல்ல என்பதே தீர்ப்பு. நோயாளிக்கு அந்த வேறுபாடு முக்கியம் இல்லை என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

குரங்கணிப் பக்கம் ஒரு சிறு மருந்தகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். போடியில் உள்ள மருந்தாளுநர் திரையில் இருக்கிறார். கடையில் ஓர் உதவியாளர். மழைக்காலத்தில் மலைச்சரிவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பாதி வேலையில் திரை உறைந்துபோகிறது. ‘வேண்டும்’ என்று அமைத்த முறையில் எல்லாம் அங்கேயே நிற்கும். காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வந்தவர் மருந்தில்லாமல் மலையேற வேண்டும், அல்லது போடிக்கு வண்டி பார்க்க வேண்டும். ‘லாம்’ என்று அமைத்த முறையில் உதவியாளர் தன் அறிவுக்கு எட்டியபடி கொடுத்தனுப்புவார். அது சரியாகவும் இருக்கலாம், ஐந்து மில்லிக்குப் பதில் பத்து மில்லி என்று சொல்லி அனுப்பியதாகவும் இருக்கலாம். இரண்டில் எது நல்லது என்பதை முடிவு செய்ய வேண்டியது மருந்து விதிகள். காப்புரிமை நீதிமன்றம் இதைக் கேட்கவில்லை என்பது அதன் குறை அன்று. காப்புரிமை வழக்கின் முடிவையே தொலைமருந்தகத்தைப் பற்றிய முடிவாக எடுத்துக்கொள்ளும் வாசிப்பே குறை.

இன்னொரு கடுமையான குறையும் உண்டு. நீதிமன்றத்தின் வாசிப்பு, துறையில் உள்ளவர்கள் ஒழுங்காக நடப்பார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. சரிபார்ப்பு இருக்கும் இடத்தில் யாரும் சரிபார்ப்பைத் தாண்டிப் போகமாட்டார்கள் என்பது அமெரிக்க மருத்துவமனையின் தயாரிப்பறைக்குப் பொருந்தலாம். நம் ஊர்ச் சில்லறை மருந்துக்கடைகளில் பலவற்றின் நிலை எல்லோரும் அறிந்ததே. சுவரில் மருந்தாளுநரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ வேலையில் இருப்பார். மாதத்துக்கு ஒரு தொகை அவருக்குப் போகும். சட்டம் கேட்கும் மேற்பார்வை அங்கே ஏற்கெனவே தொலைவில்தான் நடக்கிறது, காணொலி இல்லாமலே. இப்படிப்பட்ட வழக்கம் உள்ள இடத்தில் ‘சரிபார்க்கலாம்’ என்ற சொல்லை ‘சரிபார்த்தாக வேண்டும்’ என்று யாரும் தானாகப் படித்துக்கொள்ள மாட்டார்கள். எனவே இந்தியாவில் எழுதப்படும் எந்த விதியிலும் ‘வேண்டும்’ என்பது வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது

அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் செல்லாது; காப்புரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. இதேபோன்ற ஒரு முறைக்கு இந்தியாவில் விண்ணப்பம் வந்தால் அது முதலில் சந்திக்கும் தடை 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ட) பிரிவு, அதாவது ஆங்கில வரிசையில் 3(கே). கணித முறை, வணிக முறை, கணினி நிரல் மட்டுமாக இருப்பது, படிமுறை ஆகியவை கண்டுபிடிப்புகள் அல்ல என்று அப்பிரிவு சொல்கிறது. சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2011 டிசம்பரில் யாஹூ நிறுவனத்தின் தேடல் விளம்பர முறையை வணிக முறை என்று கூறி மறுத்தது இதில் முன்னோடியான முடிவு. டெல்லி உயர்நீதிமன்றம் 2023 மே மாதம் ஓப்பன் டிவி வழக்கில், வணிக முறைக்கான தடை முழுமையானது என்று தெளிவாக்கியது. கணினி நிரலுக்கு இருக்கும் ‘மட்டுமாக’ என்ற சலுகைச் சொல் வணிக முறைக்கு இல்லை என்பதே அதன் சாரம்.

இதை வைத்து, இந்தியாவில் தொலைமருந்தகக் காப்புரிமைக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே 2023இல், டிசம்பரில், சென்னை உயர்நீதிமன்றம் பிரியா ராண்டால்ஃப் வழக்கில் வேறு கோணத்தைக் காட்டியது. வன்பொருளும் மென்பொருளும் சேர்ந்து தரவுப் பாதுகாப்பு என்ற தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கும் ஒரு முறையை வணிகப் பரிவர்த்தனையில் பயன்படுகிறது என்பதற்காகவே வணிக முறை என்று தள்ளிவிட முடியாது என்று கூறி, மறுப்பாணையை ரத்து செய்தது. தொலைமருந்தகத்தில் இது எப்படி வரும் என்று ஊகிப்பது கடினம் அன்று. மருந்தாளுநர் திரையில் ஒப்புதல் தருகிறார் என்று எழுதினால் வணிக முறை. ஒப்புதல் வரும்வரை பூட்டியிருக்கும் மருந்துப் பெட்டி, அதற்குள் எடையறியும் கருவி, கேமரா, மறைக்குறியீட்டுச் சமிக்ஞை என்று எழுதினால் சாதனம். வேலை ஒன்றே, சட்டை வேறு.

அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் எதிர்ப்பதற்கு இந்தியச் சட்டம் நல்ல ஆயுதம் ஒன்றை வைத்திருக்கிறது. 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின்பு காப்புரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. போடியில் உள்ள ஒரு மருந்தாளுநரோ பொறியியல் மாணவரோ கொடுக்கலாம். 2024 மார்ச்சில் நடப்புக்கு வந்த விதித்திருத்தம் இதற்குக் கட்டணத்தைப் புகுத்தியதும், மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் பார்க்கும் கட்டத்தைச் சேர்த்ததும் இந்த ஆயுதத்தின் கூரைச் சற்று மழுக்கியிருக்கின்றன. விதிகளில் இதைவிடத் தேவையான திருத்தங்கள் பல இருக்க, எளியவர் பயன்படுத்தும் வாசலில் சுங்கம் வைத்தது சரியல்ல.

எதிர்ப்புக்கான காரணங்களில் ஒன்று, அந்த நுட்பம் இந்தியாவிலோ வேறெங்குமோ ஏதேனும் ஓர் ஆவணத்தில் முன்பே வெளியாகியிருப்பது. ஆவணம் இன்ன மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு ஒரு தொலைமருந்தக நடைமுறைக் கையேட்டைத் தமிழில் விரிவாக எழுதி எல்லோரும் காணும்படி வெளியிட்டால், அந்த நாளுக்குப் பிறகு அதே முறைக்கு உரிமை கோரும் எவருக்கும் எதிராக அக்கையேடு நிற்கும். அலெக்சாண்டர் ஆவணம் பாக்ஸ்டருக்கு எதிராகச் செய்த வேலையை ஓர் அரசாணையின் பின்னிணைப்பும் செய்யக்கூடும். செலவு குறைந்த தற்காப்பு இது. ஆனால் அதற்கு முதலில் அப்படி ஒரு நடைமுறை இருக்க வேண்டும். அது ஏன் இல்லை என்ற இடத்தில்தான் உண்மையான பூட்டு தெரிகிறது.

1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மருத்துவர் சீட்டின் பேரில் மருந்து கலந்து கொடுப்பதும் வழங்குவதும் பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலை என்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65(2), மருத்துவர் சீட்டுக்கான சில்லறை வழங்கல் பதிவுபெற்ற மருந்தாளுநரால் அல்லது அவருடைய தனி மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது. திரையில் பார்ப்பது தனி மேற்பார்வை ஆகுமா? 1945இல் விதி எழுதியவர்களிடம் இந்தக் கேள்வி இல்லை. இன்று அதற்கு விதியில் பதில் எழுதப்படவும் இல்லை.

மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், காணொலியிலும் தொலைபேசியிலும் எழுத்துவழியிலும் மருத்துவர் ஆலோசனை தரலாம் என்றும், எந்தெந்தப் பட்டியல் மருந்துகளை எப்போது எழுதலாம் என்றும் வரையறுத்தன. மறுநாளே, மார்ச் 26 அன்று, உரிமம் பெற்ற கடைகள் வீடு தேடி மருந்து கொண்டுசெல்லலாம் என்ற அறிவிக்கையும் வந்தது. எழுதுபவருக்கு வழி கிடைத்தது, கொண்டுசெல்பவருக்கு வழி கிடைத்தது. நடுவில் சரிபார்ப்பவரை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மருத்துவ நிர்வாகத்தில் மருந்தாளுநருக்குத் தரப்படும் இடம் எத்தகையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இணையவழி மருந்து விற்பனைக்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டு 28 அன்று வெளியாயின. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018 டிசம்பர் 17 அன்று, விதிகள் அறிவிக்கப்படும்வரை இணையவழி விற்பனை கூடாது என்றும், 2019 ஜனவரி 31க்குள் விதிகளை அறிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். சில வாரங்களுக்குள் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையை நிறுத்திவைத்தது. ஆண்டுகள் பல ஆகியும் வரைவு இறுதி வடிவம் பெறவில்லை. அந்த வழக்கில் கடைக்காரர்களின் பிழைப்பும் பெருநிறுவனங்களின் சந்தையும் பேசப்பட்ட அளவுக்கு, மருந்தாளுநரே இல்லாத ஊர்களின் நிலை பேசப்படவில்லை.

மெட்டின் இரு பக்கமும்

ஏலமலையில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இன்று மருந்து என்றால் தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் நாள். பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் எதிராக ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்துகளில் குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் வகைகளும் உண்டு. தெளிப்பவரின் உடலில் அது மிகுதியாகச் சேர்ந்தால் தலைவலி, குமட்டல், மிகுந்த வியர்வை, வயிற்றுப்பிடிப்பு வரும், கண்மணி சுருங்கும். இவற்றில் முதல் இரண்டை மட்டும் சொல்லி ஒருவர் கடையில் தலைவலி மாத்திரை கேட்டால், கேட்டதை எடுத்துக் கொடுப்பதில் பிழையே இருக்காது. சரியான மாத்திரை, சரியான அளவு, காலாவதி ஆகாத அட்டை. பாக்ஸ்டரின் காப்புரிமையில் சொல்லப்பட்ட அமைப்பில் இதைப் படமெடுத்து அனுப்பினால் எல்லாக் கட்டமும் ஒப்புதல் பெறும்.

அங்கே தேவைப்பட்டது ஒரே கேள்வி: “இன்னைக்கு மருந்து அடிச்சீங்களா?” அதைக் கேட்கத் தெரிந்த மருந்தாளுநர் திரையில் இருந்தால், மாத்திரைக்குப் பதில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வார். வழக்கில் பேசப்பட்ட சரிபார்ப்பு மருந்தைச் சரிபார்ப்பது. சரிவுக்குத் தேவையான சரிபார்ப்பு மனிதரைச் சரிபார்ப்பது. மருத்துவமனையின் தயாரிப்பறைக்கும் சில்லறைக் கடைக்கும் உள்ள வேறுபாடு இது. தொலைமருந்தகம் என்ற ஒரே பெயர் இரண்டையும் மூடுவதால், முன்னதைப் பற்றிய வழக்கைப் பின்னதற்கும் பொருத்திப் பேசும் குழப்பம் வருகிறது. வடக்கு டகோட்டாவின் விதி நோயாளியுடன் பேசுவதையும் கட்டாயமாக்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அந்த விதி காப்புரிமையைவிட எளியது, ஆனால் கவலைப்பட வேண்டியதைப் பற்றிக் கவலைப்பட்டது.

மிகச் சிறிய ஊர்களுக்கென்று மருந்து விதிகளில் ஒரு பழைய சலுகை உண்டு. கே அட்டவணையின்படி, ஆயிரம் பேருக்கு மேற்படாத, உரிமம் பெற்ற மருந்துக்கடை இல்லாத ஊரில் பாரசிட்டமால், வலிநிவாரணத் தைலம், கிரைப் வாட்டர், இருமல் மருந்து போன்ற வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமலே விற்கலாம். மலைக் குடியிருப்புகளின் பெட்டிக்கடைகள் இந்தச் சலுகையில்தான் வாழ்கின்றன. ஆனால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை எடுப்பவருக்கு இது உதவாது. அவருக்குத் தமிழ்நாட்டுப் பகுதியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அத்திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் கையில் உள்ள தொலைபேசியின் மறுமுனையில் மருந்தாளுநர் ஒருவரை இருத்துவதற்குப் புதிய சாதனமோ யாருடைய காப்புரிமையோ தேவையில்லை. புதிய மாத்திரை சேரும்போதும் அளவு மாறும்போதும் மட்டுமாவது அவர் பேச வேண்டும் என்று ஓர் உத்தரவு போதும்.

மெட்டுக்கு அப்பால் போனால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. 2020ஆம் ஆண்டின் வீட்டுவழங்கல் அறிவிக்கை, கடை இருக்கும் வருவாய் மாவட்டத்துக்குள் மட்டுமே மருந்தைக் கொண்டுசெல்ல விடுகிறது. போடிக் கடைக்காரர் உத்தமபாளையம் வரை அனுப்பலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடுக்கித் தோட்டத்துக்கு அனுப்ப முடியாது. மருந்தாளுநரின் பதிவும் மாநிலவாரியானது. பதிவுபெற்ற மருந்தாளுநர் என்பவர், தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று மருந்தியல் சட்டம் வரையறுக்கிறது. அந்த ‘அல்லது’ கடைக்குள் நிற்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. போடியில் வசித்துக்கொண்டு, தமிழ்நாட்டுப் பதிவேட்டில் பெயரை வைத்துக்கொண்டு, பூப்பாறையில் உள்ள கடையைத் திரைவழியே மேற்பார்வையிடுபவர் எந்த மாநிலத்தில் தொழில் செய்கிறார்? அந்தக் கடையின் உரிமம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையுடையது; அவருடைய பதிவு தமிழ்நாட்டுடையது. தவறு நேர்ந்தால் அவர் வாசலில் வந்து நிற்கவேண்டியவர் தேனியின் மருந்து ஆய்வாளரா, இடுக்கியின் ஆய்வாளரா? 2018 வரைவு, மத்திய அரசிடம் செய்யும் பதிவைப் பற்றியும், வாரம் ஏழு நாளும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பேசியது. வேறொரு மாநிலத்துக் கடையின் திரைக்குள் இருக்கும் மருந்தாளுநரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.